பூஜையில இருந்த மெஷின்

மடியில இருக்கறது லேப்டாப்புங்களா தம்பி? எடுத்து உள்ள வெக்காதீங்க, நான் ஒண்ணும் சொல்லல. கம்ப்யூட்டர் லைன்ல இருக்கறீங்களான்னுதான் கேட்டேன். ஆமாங்களா? அப்படின்னா உங்ககிட்டச் சொல்லலாம். எங்க ஒறம்பரை சொந்தபந்தத்துல யாருகிட்டயாவது சொல்ல ஆரம்பிச்சா, சர்வருங்கற வார்த்தை வந்ததுமே கொட்டாவி விட்டுர்றாங்க. மனசுல இருக்கறதை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது, சொல்லுங்க.

பேரு சென்னியப்பனுங்க, திருப்பூரு. நானும் உங்க லைன்தான். அப்படி ஏற எறங்கப் பாக்காதீங்க. முந்தி பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருந்தவன்தான், இல்லைங்கல. என்ற மச்சினன் ஒரு ஆபீஸ் ஆரம்பிச்சான், ஸ்கேன் சென்டருங்களுக்கு சாஃப்ட்வேர் வெச்சுக் குடுக்கறது. அவன் கனடா போகையில என்ற தலைல கட்டிட்டுப் போய்ட்டான். நானும் சளைக்கலைங்க. பல்லடம், காங்கயம், தாராபுரம்னு அலைஞ்சு திரிஞ்சு சென்டர் புடிச்சேன். அங்கெல்லாம் யாரு ஸ்கேன் எடுத்தாலும் படம் நம்ம சர்வருக்குத்தான் வரும். சர்வரு ஆபீஸ்ல இல்லீங்க, வெளியூர்ல வாடகைக்கு எடுத்தது. க்ளவுடு. உங்களுக்குத் தெரியாததா.

இப்ப பெங்களூருக்குப் போயிட்டுத் திரும்பறனுங்க. போன காரியம் ஆகல. மோகனப்பிரியான்னு ஒரு புள்ள, எங்களுக்கு மோகனா, அதைப் பாக்கத்தான் போனேன். கண்ணாடிக் கட்டடம், பெரிய கம்பெனி. கேட்டுல செக்யூரிட்டிக்காரன் பேரைக் கேட்டான், சொன்னேன். உள்ள இருந்து யாராச்சும் பேரு குடுத்திருந்தாத்தான் விடுவாங்களாம். அவங்களையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கன்னான். அது என்ற போனை எடுத்தா எனக்கு கேட்டுல நிக்கற தலையெழுத்தே இல்லையே. மத்தியானம் வரைக்கும் வெயில்ல நின்னு பாத்துட்டுக் கெளம்பிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி கேக்கோணும்னு போனனுங்க. என்ற சம்சாரம் சாந்தாமணி ஆவணில செத்துப் போனா. நீ ஏன் வரல? அதுதான் கேள்வி. வரவும் இல்ல, ஒரு போன் இல்ல, ஒரு வார்த்தை எழுதி அனுப்பல. எங்க வீட்டுச் சோத்தைத் தின்ன புள்ளைங்க அது. சாந்தாமணியை அக்கா, அக்கான்னு கூப்பிடும்; அவ அதுக்குத் தலை பின்னி விட்டிருக்கறா. எங்களுக்குக் கொழந்தை கெடையாதுங்க. அதனால அவ அந்தப் புள்ளைய எப்படி வெச்சிருந்தான்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஊத்துக்குளிப் பக்கத்துப் புள்ள, அப்பன் டெம்போ ஓட்டறாரு. நம்மகிட்ட வேலைக்கு வந்த புதுசுலயே சர்வரை வெளியில இருந்து ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்து, சார், போர்ட்டு பூராத் தெறந்து கெடக்குதுங்கன்னு சொல்லுச்சு. எனக்கு அப்ப அது வெளங்கல. எனக்குப் புரியற மாதிரி சொல்லுச்சு. ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்குல வாசல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரு. படம் உள்ள வர ஒண்ணு வேணும், டாக்டருங்க பாக்க ஒண்ணு வேணும். மத்ததெல்லாம் எவனோ எதுக்கோ தெறந்து, வேலை முடிஞ்சதும் அப்படியே உட்டுட்டுப் போனது. உலகத்துல எந்நேரமும் எவனாவது ஒவ்வொரு வாசலாத் தட்டிப் பாத்துட்டே இருப்பானாம். ஆளுகூட இல்ல, மெஷினே தட்டுமாம்.

அப்புறமேட்டுக்கு அது ஒவ்வொண்ணா விசாரிச்சு விசாரிச்சுச் சாத்துச்சு. இது யாருக்கு வேணும், இது எதுக்குன்னு ஆபீஸ்ல எல்லார்த்தையும் கேட்டு உசிரை வாங்குச்சு. கடைசில, சர்வரை நிர்வாகம் பண்றதுக்குன்னு ஒரே ஒரு வாசல். அதுலயும் நம்ம ஆபீஸ் நெட்டுல, மூலைல இருக்கற ஒரே ஒரு மெஷின்ல இருந்து வந்தாத்தான் விடும். வேற எங்கிருந்து தட்டுனாலும் பதிலே வராது. எனக்கு அது ரொம்பப் பெருமைங்க. ஆபீசுக்கு வர்றவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் அந்த மெஷினைக் காமிப்பேன்.

எனக்கு மட்டும் பாஸ்வேர்டு. மத்தவங்களுக்கெல்லாம் சாவின்னு ஒரு ஃபைலைக் குடுத்துச்சு, அதை நான் எங்கீங்க கட்டிக் காப்பாத்தறது? பேரு அட்மின், பாஸ்வேர்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு. மொதலாளிக்கு ஞாபகத்துல நிக்கோணுமில்லைங்களா. அது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு, நான் கண்டுக்கல. அந்த மெஷினை விட்டா வேற வழியே இல்லைங்கறப்ப பாஸ்வேர்டு என்னவா இருந்தா என்னங்க? நீங்களே சொல்லுங்க. சரி, சொல்ல வேண்டாம், உடுங்க.

சாந்தாமணிக்கு அப்பவே சீக்கு. மாருல கட்டி. ஆபரேஷன் பண்ணி, மருந்து ஏத்தி, முடியெல்லாம் கொட்டி, மறுபடி மொளைச்சு வந்திருந்துச்சு. அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கறது. மொதல்ல பிலிம் குடுப்பாங்க, கவர் கவரா பீரோ மேல கெடந்துச்சு. நான்தான், எல்லாம் நம்ம சர்வர்லயே இருக்குது, எதுக்கு வீட்டுல அடைசல்னு பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டேன். நம்ம சரக்கு மேல நமக்கே நம்பிக்கை இல்லீன்னா ஊர்க்காரன் எப்படி நம்புவான்?

போன வருஷம் ஆயுத பூஜை. ஆபீஸைக் கழுவி, மாவிலை கட்டி, வாழைக்கன்னு நிறுத்தி, சாந்தாமணியும் மோகனாவும் ஒவ்வொரு மெஷினுக்கா சந்தனம் குங்குமம் வெச்சாங்க. வருசா வருசம் அவங்க ரெண்டு பேருந்தான் வெப்பாங்க. சாந்தாமணி சந்தனம் வெச்சுட்டே போவா, பின்னாலயே அந்தப் புள்ள குங்குமம் வெச்சுட்டே வரும். நெட்டு வர்ற டப்பாவுக்கும் பொட்டு வெச்சு, எல்லாத்தையும் அணைச்சு, தீபாராதனை காமிச்சு, பூசணிக்காய் ஒடைச்சாச்சு. அதுக்கப்புறம் அடுத்த நாள் காலைல மறுபூஜை போடற வரைக்கும் ஒண்ணையும் தொடக் கூடாது. அது மொறை. நான் சின்ன வயசுல வேலை செஞ்ச கம்பெனில, அவசர ஆர்டருன்னு பூஜைல இருந்த கட்டிங் மெஷினை ஒருத்தன் ஓட்டுனான். ரெண்டு வெரலு போச்சு. நான்தான் துணியைச் சுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். அதைக் கண்ணால பாத்தவன்கிட்ட வந்து யாரும் எதுவும் பேசக் கூடாதுங்க.

பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிட்டு இருக்கையில தாராபுரத்துல இருந்து போன். படம் போய்ச் சேரலையாம். ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு டேபிள்ல படுத்திருக்குது, டாக்டரு கோயமுத்தூர்ல இருந்து பாக்கோணும். சர்வர்ல என்னமோ நின்னு போச்சு, உள்ள போய் எழுப்பி விட்டாச் சரியாயிரும்னு மோகனா நேரா மூலை மெஷினுகிட்டப் போச்சு. சுவிட்சு மேல கையை வெச்சிருச்சு. நான் ஒரு சத்தம் போட்டேன் பாருங்க, அது கையை இழுத்துக்கிச்சு. ரெண்டு நிமிச வேலைதானுங்க சார்ங்குது. ரெண்டு நிமிசத்துலதான் அவனுக்கு வெரலு போச்சு.

சாந்தாமணி பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. கையில சந்தனக் கிண்ணத்தோட சொன்னா, "ஏனுங்க, பொட்டை மறுக்கா வெச்சுக்கலாம். அந்தப் புள்ளைய உள்ள உடுங்க." நான் அவளையும் ஒரு அதட்டுப் போட்டேன். பொம்பளைங்களுக்கு என்னங்க தெரியும் மெஷினைப் பத்தி.

நான் ஒண்ணும் வழி சொல்லாம உட்டரல. அது பையில அதோட சொந்த லேப்டாப் இருந்துச்சு, அதுக்குப் பொட்டு வெக்கல. போன்ல இருந்து நெட்டை எடுத்து அதுல பண்ணுன்னேன். ஆனா சர்வர்தான் போன் நெட்டை உள்ள விடாதுங்களே. சர்வரை வாடகைக்கு உட்டவனோட வெப்சைட்டுல போய் அது என்னமோ மாத்துச்சு. அந்தப் போனோட அட்ரஸை மட்டும் விடுன்னு போட்டா, சிக்னல் போயிட்டுப் போயிட்டு வருது, ஒவ்வொரு தடவைக்கும் அட்ரஸ் மாறுது. இந்தப் பக்கம் தாராபுரத்துக்காரன் போன்ல கத்தறான். நான் சொன்னேன், எவன் வந்தாலும் விடுன்னு போட்டுத் தொலையாத்தா. அது என்ற மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் போட்டுச்சு. படம் போயிருச்சு. அந்த ஆளும் பொழைச்சுக்கிட்டான், இன்னிக்கும் தாராபுரத்துல நல்லாத்தான் இருக்கறான்.

வேலை முடிஞ்ச ஒடனே சாத்தப் பாத்துச்சு. நான்தான் வேண்டாம்னேன். மெஷினெல்லாம் பூஜைல இருக்குது, மறுபடி நின்னா மறுபடி இந்தக் கூத்தா? காலைல மறுபூஜை போட்டதும் சாத்திக்கலாம்னேன். நியாயந்தானுங்களே? அது பொட்டலத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போச்சு. பொழுதோட போன் பண்ணுச்சு, சாத்திரட்டுங்களா சார்னு. பூஜை நாளும் அதுவுமா எவன் வந்து நம்ம வாசலைத் தேடப் போறான், பேசாம இருன்னேன். சரி, நான் மொதலாளி, ஆயிரம் சொல்லுவேன். படிச்ச புள்ள, என்ற பேச்சை மீறிச் சாத்தியிருக்கோணுமா இல்லைங்களா? என்ன படிப்பு அது?

காலைல மறுபூஜை போட்டு மெஷினை எழுப்புனா, எல்லாம் முடிஞ்சிருச்சு. ஒரு படம் இல்ல. எல்லாத்தையும் எவனோ பூட்டிட்டு, இங்கிலீசுல ஒரு சேதியை எழுதி வெச்சுட்டுப் போயிருக்கறான். அவன் கேட்ட பணத்தைக் குடுத்தாலும் திரும்ப வரும்னு ஒறுதி இல்லைன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. இன்னொரு காப்பியை வேற எடத்துல வெக்கலாம்னு அது மொதல்ல இருந்தே சொல்லிட்டு இருந்துச்சு, நான் ஒரு வீட்டுக்கு ரெண்டு வாடகையான்னு உட்டுட்டேன். அதே சர்வர்ல இருந்த காப்பியும் சேந்து போச்சு. பாக்க வந்த ஆளுங்க சொன்னாங்க, வந்தவன் அட்மின்ங்கற பேர்ல வந்திருக்கறான்னு. எவன் பேர்ல வந்தா என்னங்க? வாசலைத் தெறந்தது யாரு கை?

மோகனாவை எல்லார் முன்னாடியும் வெச்சுக் கேட்டேன். கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன், எனக்குக் கோவம் வந்தா அப்படித்தான். அதோட அப்பாவை வரச் சொல்லி அவருகிட்டயும் கேட்டேன். அவரு என்ற முன்னால கையைக் கட்டிட்டு நின்னாரு. அந்தப் புள்ள அவரு சட்டையப் புடிச்சு இழுத்து, வாங்கப்பா போலாம்ங்குது. சார் சொல்லித்தான் தெறந்தேன்னு அது ஒரு வார்த்தை சொல்லலைங்க. சொல்லாததுனால சபைல இருந்தவங்க என்ன நெனைப்பாங்க? தப்பு அது மேலன்னுதானே. போகையில ஒண்ணுதான் சொல்லுச்சு. "சார், அக்காவோட படமும் அதுலதானுங்க இருந்துச்சு." சொல்லிட்டு அழுதுச்சு. வேலை போகுதேன்னு அழுகறதா நான் நெனைச்சேன். ஊரே தீப்புடிச்சு எரியற நேரத்துல அக்கா படம் எங்கீங்க எனக்கு ஞாபகத்துல இருக்கும்.

தை மாசம் ஞாபகம் வந்துச்சு. வழக்கமா எடுக்கற ஸ்கேன்ல ஈரல்ல சின்னதா ஒரு புள்ளி. டாக்டரம்மா பழைய படத்தைக் கேட்டாங்க. இது முன்னயே இருந்ததுன்னா, வளரலைன்னா, பயப்பட ஒண்ணுமில்ல. புதுசுன்னா இன்னிக்கே மருந்தை ஆரம்பிக்கோணும். பழைய படம் எங்கன்னு கேக்கறாங்க. எங்க போய் எடுக்கறது? சாந்தாமணி மேல மறுபடி அந்த மருந்தைச் சும்மா ஏத்த அவங்களுக்கும் மனசு வரல, அவ ஏற்கெனவே துரும்பா இருந்தா. கொஞ்ச மாசம் பொறுத்து மறுபடி எடுத்துப் பாக்கலாம்னாங்க. பொறுத்தோம். எடுத்தோம். ஈரல் பூரா இருந்துச்சு. பழைய படம் இருந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாமாங்கன்னு கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாதுங்க, இன்னுங் கொஞ்ச காலம் கெடைச்சிருக்கலாம்னாங்க. அந்தக் கொஞ்ச காலம் எனக்கு வேணுங்க தம்பி. அந்தக் கொஞ்ச காலத்துல அவகூட உக்காந்து ரெண்டு வேளைச் சோறு தின்னிருப்பேன்.

அந்தக் கோவத்துலதான் மோகனாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திட்டுனேன். சாந்தாமணிக்கு மறுபடி வந்திருச்சுன்னு சொல்லலைங்க, அதை எதுக்கு அதுகிட்டச் சொல்லோணும். நீ வெளங்க மாட்டே, வெளங்க மாட்டேன்னு அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அது பாட்டுக்கு வேலை கேட்ட எடத்துல இருந்து என்கிட்ட விசாரிச்சாங்க, அங்கயும் இருக்கறதைச் சொன்னேன். ஒரு கட்டத்துல என்ற நம்பரை ப்ளாக் போட்டு மூடி வெச்சிருச்சு. எவ்வளவு திமிரு பாருங்க. ஆனா சாந்தாமணி போனுக்கு மட்டும் கூப்பிட்டுட்டே இருந்துச்சு. சீக்காளிக்கு எதுக்குத் தொந்தரவுன்னு அவ போன்ல அந்த நம்பரை நானே மூடிப் போட்டேன். அவ தெனமும் கேப்பா, மோகனா கூப்பிட்டுச்சுங்களா, கூப்பிட்டுச்சுங்களான்னு. இல்லியேம்பேன். அதோட அப்பா ஒருநாள் வாசலுக்கே வந்தாரு, சாந்தாமணி தூங்கறான்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்.

கடைசில ரொம்ப முடியாம இருக்கையில என்ற கையைப் புடிச்சுட்டுச் சொன்னா, அந்தப் புள்ள மேல பழியப் போடாதீங்க, நீங்கதானுங்களே மெஷினைத் தொட விடலன்னு. பாருங்க, எவ்வளவு நல்ல மனசு. தன்னைக் கொன்னவளுக்கே பரிஞ்சு பேசறா. மருந்து மயக்கத்துல சொன்னது. இன்னொண்ணும் சொன்னா. நான் போனா ஒரு வருசத்துக்கு உங்க கையால பூஜை பண்ணக் கூடாது, மெஷினெல்லாம் பொட்டில்லாம நிக்கும், மோகனாவைக் கூப்பிட்டு வெக்கச் சொல்லுங்கன்னா. அதுக்கப்புறம் அவ தெளிவாப் பேசல.

நாளைக்குப் பூஜைங்க. அதான் பஸ்ஸுல இவ்வளவு கூட்டம். அந்தப் புள்ள சாவுக்கு வரலைன்னு எனக்கு வயிறெரியுது, இருந்தாலும் அவ சொன்னதைச் செய்யாம விட முடியல. கேள்வியையும் கேட்டுட்டு, பூஜைக்கும் கூப்பிட்டுட்டு வரலாம்னுதான் போனேன். கேட்டுலயே நிறுத்திப்புட்டாங்க.

தம்பி, ஒரு ஒதவி. உங்க போன்ல இருந்து அது நம்பருக்குப் போடறீங்களா? என்ற போன்ல போட்டாப் போகாது. உங்க நம்பரு அதுக்குத் தெரியாதில்ல, எடுத்துரும். நான்னு சொல்லாதீங்க, ரிங் போனதும் என்ற கையில குடுத்துருங்க. நம்பரு மனப்பாடமா இருக்குது, சொல்றேன்.

போகுதுங்களா? குடுங்க.

அம்மணி, நான்தான் சார் பேசறேன். வெச்சிறாத கண்ணு, வெச்சிறாத, திட்டறதுக்கு இல்ல. திட்டல. ஆமா. ஆமா. இல்ல, அது... என்ன கேட்டே? அக்காளுக்கா? அக்கா... படுத்திருக்கறா. ம். பேசறதெல்லாம் இப்ப இல்ல. ஆமா. இல்ல, நாளைக்குப் பூஜை. நீதான் வந்து பொட்டு வெக்கோணும்னு சொன்னா. அக்காதான் சொன்னா. சத்தியமா. ஏன் அழுகறே? அழுகாத. சரி. சரி கண்ணு. பாத்து வா.

இந்தாங்க தம்பி, போன். கையெல்லாம் வேர்த்துக் கெடக்குது, தொடைச்சுக்குங்க.

அக்கா எப்படி இருக்கறாங்கன்னு கேக்குதுங்க. மொதல் வார்த்தையே அதுதான். அதுக்குத் தெரியாதுங்க. யாருமே சொல்லலையாட்ட இருக்குது. இத்தனை சொந்தபந்தம் இருக்கறாங்க, ஆபீஸ்ல அவ்வளவு பேரு இருக்கறாங்க, ஒருத்தராவது அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? ஆபீஸ்ல அந்தப் புள்ளைகூடப் பேசுனா வேலை போயிரும்னு நான் சொல்லி வெச்சதென்னமோ வாஸ்தவந்தான். அதுக்காக?

படுத்திருக்கறான்னு சொல்லிப்புட்டேன். நீங்களுந்தான் கேட்டீங்க.

ராத்திரி பஸ்ஸுக்கே ஏறுதாம். அக்காளுக்குப் புடிக்கும்னு மல்லிப்பூ வாங்கிட்டு வருதாம். இப்ப முடி நீளமா இருக்குதுங்களான்னு கேட்டுச்சு, பூ வெக்கற அளவுக்கு இருக்குதுங்களான்னு. ம்ன்னேன். காலைல வந்து கதவைத் தட்டும். எங்க வீட்டுல கதவைத் தெறந்தா நேர் எதுத்தாப்புல அவ போட்டோதான், மாலை போட்டு, விளக்கு எரிஞ்சுட்டு இருக்கும்.

தம்பி, அந்த நம்பரை இன்னொருக்காப் போடுங்க. வர வேண்டாம்னு சொல்லிரலாம். இல்ல, இருங்க, போடாதீங்க. எடுத்து ஏன் சார்னு கேட்டா, நான் என்னங்க சொல்றது?